டால்பினோடு நீந்த டிக்கெட் போடும் முன்...

கப்பல் டிக்கெட் போட்டாச்சு. அறை எண்ணும் வந்தாச்சு. சென்னையிலிருந்து தாத்தா, பாட்டி ஹூஸ்டனுக்கு வந்து இறங்கும் தேதியும் முடிவாகிவிட்டது. இனி மிச்சமிருப்பது, கப்பல் நிற்கும் ஊர்களில் என்ன செய்வது என்பதுதான். கப்பல் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து 'கோசுமெல்' என்று தட்டினால் பத்துப் பதினைந்து உலாக்கள் வரிசையாக வந்து நிற்கும். மாயன் கோயில் இடிபாடு, சாக்லேட் செய்முறை, பவளப்பாறை என்று என்னென்னவோ இருந்தாலும், பிள்ளைகளின் விரல் போய் நிற்பது ஒரே படத்தில். நீல நிற லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு சிறுமியின் கன்னத்தில் டால்பின் முத்தம் கொடுக்கும் படம் அது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு கரீபியன் க்ரூஸ் இன்று பெரிய ஆடம்பரம் அல்ல. டிசம்பர் விடுமுறைக்கும் மார்ச் விடுமுறைக்கும் டெக்சாஸின் கால்வெஸ்டனிலிருந்தும் ஃப்ளோரிடாவின் மயாமியிலிருந்தும் கிளம்பும் கப்பல்களின் சாப்பாட்டுக்கூடத்தில், தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கொண்டுவந்த குடும்பம் ஒன்றையாவது பார்த்துவிடலாம். அந்தக் கப்பல்கள் அதிகம் நிற்கும் துறைமுகங்கள் மெக்சிகோவின் கோசுமெல் தீவும், பஹாமாஸின் தலைநகரான நாசோவும். இந்த இரண்டு இடங்களிலும் டால்பின் நீச்சல் பல ஆண்டுகளாக விற்கப்பட்டு வருகிறது. அதை வாங்குவது ஆப்பில் இரண்டு நிமிட வேலைதான். ஆனால், எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச நேரம் செலவிட வேண்டும்.

முதலில் கணக்கு. 'டால்பின் நீச்சல்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் விற்பது மூன்று நான்கு தரத்தில். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மேடையில் நின்றபடி டால்பினைத் தொடுவது, முத்தம் வாங்குவது எல்லாம் மலிவான வகை. ஆழமான நீரில் அதன் முதுகுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்துச் செல்லப்படுவது அடுத்தது. இரண்டு டால்பின்கள் உள்ளங்கால்களில் மூக்கை வைத்துத் தள்ள, ஆள் நீருக்கு மேலே நிமிர்ந்து பறப்பது விலை உயர்ந்தது. விளம்பரப் படங்களில் பெரும்பாலும் இருப்பது இந்த மூன்றாவது வகை. வாங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது முதல் வகை. பிள்ளை அங்கே போய் நின்று, "பறக்கிறது எங்கே?" என்று கேட்கும்போதுதான் வித்தியாசம் புரியும்.

ஒருவருக்கான கட்டணம் பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டும். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து பார்க்கும் தாத்தா பாட்டிக்கும் பல இடங்களில் 'பார்வையாளர்' டிக்கெட் உண்டு. செல்போனையும் கேமராவையும் தண்ணீருக்குள் கொண்டுபோக விடுவதில்லை. படம் எடுப்பது அவர்களுடைய போட்டோகிராபர்தான். வெளியே வரும் வழியிலேயே கணினித் திரையில் உங்கள் பிள்ளையின் சிரிப்பை ஓடவிட்டிருப்பார்கள். அந்தப் படங்களுக்குத் தனி விலை. சில்லறைத் தொகை அல்ல. ஆறு பேர் கொண்ட குடும்பம் டாக்ஸி, லாக்கர், படம் என எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கப்பல் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டிய தொகையாகிவிடும்.

இவ்வளவுக்கும் தண்ணீரில் இருக்கும் நேரம் அரை மணியிலிருந்து முக்கால் மணிவரைதான். ஒரு குழுவில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ஒவ்வொருவராக முறை வரும். ஒரு பிள்ளைக்கும் டால்பினுக்கும் நடுவே நடக்கும் அந்தச் சந்திப்பை மட்டும் கடிகாரம் வைத்து அளந்தால், சில நிமிடங்கள்தான் தேறும்.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சங்கடமும் இங்கே உண்டு. டால்பினின் தோல் மெல்லியது, எளிதில் கீறிவிடும். அதனால் மோதிரம், வளையல், சங்கிலி, மெட்டி, கொலுசு என எல்லா நகையையும் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கும் விலக்குக் கிடைப்பது அரிது. லாக்கர் வாசலில் நின்றுகொண்டு பாட்டியும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலையைத் தவிர்க்க, இதைப் பற்றி வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. சாதாரண சன் ஸ்கிரீனையும் துடைக்கச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் மிகச் சிறிய குழந்தைகளுக்கும் தனி விதிகள் உண்டு. அவை இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டும் முன்பு படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

கப்பலிலா, வெளியிலா?

ஒரே பூங்கா, ஒரே டால்பின், ஒரே நீச்சல். கப்பல் ஆப்பில் ஒரு விலை, பூங்காவின் சொந்தத் தளத்தில் அதைவிடக் குறைந்த விலை. "ஏன் அதிகம் கொடுக்கணும்?" என்று எந்த வீட்டு நிதியமைச்சரும் கேட்பது நியாயம்தான். கூடுதல் தொகைக்குக் கிடைப்பது ஒரு காப்பீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் நிறுவனம் வழியாகப் போன உலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். அப்படியும் முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாக ஏற்பாடு செய்து போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கடைசி நேரத்தில் கையில் பையும் காலில் செருப்பும் நழுவ நழுவத் துறைமுகப் பாலத்தில் ஓடிவருபவர்களை, மேல் தளத்திலிருந்து மற்ற பயணிகள் கைதட்டிப் பார்ப்பது க்ரூஸ் உலகில் ஒரு தனி வேடிக்கையாகவே ஆகிவிட்டது. ஓடுபவர்களுக்கு அது வேடிக்கை அல்ல. தவறவிட்டால் அடுத்த ஊருக்கு விமானம், தங்கும் விடுதி எல்லாம் சொந்தச் செலவில். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெற்றோர் கூட இருந்தால், விசா கேள்விகளும் சேர்ந்துகொள்ளும். பாஸ்போர்ட் கப்பல் அறையின் லாக்கரிலேயே இருந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பு.

கடிகாரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்கா மாற்றுகிறது. இதனால் கோடையில் மயாமியிலிருந்து கிளம்பும் கப்பல் தன் ஊர் நேரத்தையே வைத்துக்கொண்டால், கப்பலில் மணி நான்காகும்போது கோசுமெல்லில் மூன்றுதான். கரையில் இறங்கியதும் செல்போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே' என்று நிதானமாக ஐஸ்க்ரீம் சாப்பிடுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். குளிர்காலத்தில் கால்வெஸ்டன் கப்பலுக்கு இது தலைகீழ். கோசுமெல் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். உள்ளூர் நேரம் பத்து மணிக்கு நீச்சல் என்று புக் செய்திருந்தால், கப்பல் கடிகாரத்தில் ஒன்பதுக்கே அங்கே நிற்க வேண்டும். சில கப்பல்கள் பயணத்தின்போது கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. எனவே கப்பல் ஒலிபெருக்கியில் சொல்லும் நேரமே நேரம். செல்போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுவது ஒரு வழி. தாத்தாவின் கைக்கடிகாரத்தை நம்புவது அதைவிடச் சிறந்த வழி.

இன்னொன்று வானிலை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு உள்ளூரில் 'நோர்த்தே' என்று பெயர். அது பலமாக அடித்தால் கோசுமெல்லில் சிறு படகுகளை வெளியே விடமாட்டார்கள். சில நாட்களில் பெரிய கப்பலே நிற்காமல் போய்விடும். கப்பல் வழியாக புக் செய்த பணம் தானாகத் திரும்பி வரும். வெளியில் புக் செய்தால், 'கப்பல் துறைமுகத்துக்கு வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்' என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோசுமெல்லின் சான்கனாப் பூங்கா நகரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அளவில் இருப்பதால் டாக்ஸிப் பயணம் சிறியதுதான். மாயன் மொழியில் அந்தப் பெயருக்குச் சின்னக் கடல் என்று பொருள். நாசோவில் ப்ளூ லகூன் தீவுக்குப் போவதென்றால் படகில் ஏற வேண்டும். போகவர நேரம் கூடும். கப்பல் ஐந்தாறு மணி நேரமே நிற்கும் நாளில் இது முக்கியம்.

அந்தச் சிரிப்பு

இதுவரை பேசியதெல்லாம் மனிதர்களின் சௌகரியம். முத்தம் கொடுக்கும் அந்த உயிரைப் பற்றியும் பேச வேண்டும்.

டால்பின் மீன் அல்ல. நம்மைப்போல நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. நம் கடற்கரைகளில் ஓங்கில் என்று அழைக்கப்படுவது இதுதான். பூங்காக்களில் இருப்பது பெரும்பாலும் 'பாட்டில் மூக்கு' வகை. அதன் தாடை வளைந்திருக்கும் விதத்தால் வாய் எப்போதும் சிரிப்பதுபோலத் தெரியும். உடல் நலமில்லாதபோதும் அதே முகம்தான். செத்துக் கரை ஒதுங்கினாலும் அதே முகம்தான். முகத்தைப் பார்த்து, 'சந்தோஷமா இருக்கு பாரு' என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு அர்த்தமில்லை.

அதன் உலகமே ஒலிதான். ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, இருட்டிலும் மணலுக்கு அடியிலும் இருக்கும் மீனைக் கண்டுபிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. நாம் பெயர் சொல்லி அழைப்பதுபோல ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது அதை வைத்துத்தான். குட்டி தன் அம்மாவோடு மூன்று வருடம், சில சமயம் அதற்கும் மேல் சுற்றும். தூங்கும்போது மூளையில் பாதி மட்டும் தூங்கும். மறுபாதி மூச்சுவிட நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஃப்ளோரிடாவின் சரசோட்டா வளைகுடாவில் 1970 முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனிக்கப்பட்டு வரும் டால்பின்களில், 60 வயதைத் தாண்டிய பெண் டால்பின்களும் உண்டு. திறந்த கடலில் ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் நீந்தக்கூடிய உயிர் இது. ஒரு வலைத்தடுப்புக்குள்ளோ தொட்டிக்குள்ளோ எத்தனை பெரிய இடம் கொடுத்தாலும் அது அதன் கடல் ஆகாது.

இவை எங்கிருந்து வந்தன என்பது அடுத்த கேள்வி. இன்று பூங்காக்களில் இருக்கும் பலவும் அங்கேயே பிறந்தவை. எல்லாமே அப்படியல்ல. 2003-ல் பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் பிடிக்கப்பட்ட 28 டால்பின்கள், விமானத்தில் ஏற்றப்பட்டு கோசுமெல்லுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கான்குன் நகரத்துப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. சில ஆண்டுகளில் மெக்சிகோ இப்படிப்பட்ட இறக்குமதிக்குத் தடை போட்டது.

டால்பின் என்றால் உலகமே உருகக் காரணமான ஒரு பழைய கதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. 1964 முதல் 1967 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'ஃப்ளிப்பர்' தொடரில் நடித்த டால்பின்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ரிக் ஓ'பாரி. தொடர் முடிந்த பிறகு 1970-ல், அந்த டால்பின்களில் ஒன்றான கேத்தி அவர் கைகளிலேயே இறந்தது. அது தானாகவே மூச்சை நிறுத்திக்கொண்டது என்பது அவருடைய நம்பிக்கை. அதே ஏப்ரல் மாதத்தில் அவர் பஹாமாஸின் பிமினி தீவுக்குப் போய், அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு டால்பினை விடுவிக்க முயன்று கைதானார். டால்பின்களைப் பழக்கிப் பிழைத்த மனிதர், மீதி வாழ்நாளை அவற்றைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதில் செலவழித்தார். அவர் இடம்பெற்ற 'தி கோவ்' ஆவணப்படம் 2010-ல் ஆஸ்கர் வாங்கியது.

பூங்காக்காரர்களிடமும் பதில் இருக்கிறது. "இங்கேயே பிறந்து வளர்ந்ததைக் கடலில் விட்டால் பிழைக்காது. எங்களிடம் மருத்துவர் இருக்கிறார், வேளாவேளைக்கு மீன் இருக்கிறது. இங்கே தொட்டுப் பார்த்த குழந்தைதான் நாளைக்குக் கடலைக் காப்பாற்றும்" என்பது அவர்களின் வாதம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நாசோவில் அதற்கு ஒரு சாட்சியே இருக்கிறது.

2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் மிசிசிப்பி கரையைத் தாக்கியபோது, கல்ஃப்போர்ட் நகரத்தில் ஒரு கடல் காட்சியகத்தின் தொட்டி உடைந்து எட்டு டால்பின்கள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டன. செத்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், வானிலிருந்து தேடியவர்களின் கண்ணில் எட்டும் பட்டன. ஒன்றையொன்று பிரியாமல், பழைய இடத்துக்குப் பக்கத்துக் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. பயிற்சியாளர்கள் படகில் போனதும் அடையாளம் கண்டு அருகில் வந்தன. சில நாட்களில் எட்டும் மீட்கப்பட்டன. பிறகு அவை போய்ச் சேர்ந்த இடம், நாசோவின் பாரடைஸ் தீவில் ஒரு பெரிய சொகுசு விடுதி 2007-ல் திறந்த டால்பின் குளம். கப்பலில் வருபவர்கள் பணம் கட்டி நீந்தும் குளங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கதையைக் கேட்டு, "பார்த்தீர்களா, மனிதர்களைத் தேடி வந்தன" என்பவர்கள் உண்டு. மனிதர் கை மீனையே சாப்பிட்டுப் பழகியதற்கு வேறு வழி எது என்பவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கடலில் வாழத் தெரியாத டால்பின் ஏற்கெனவே இருக்கிறது என்பது அதைப் பராமரிக்கத்தான் காரணம். இன்னும் புதிதாகப் பிறக்கவைத்து அடைப்பதற்குக் காரணம் ஆகாது. ஆப்பில் விழும் ஒவ்வொரு டிக்கெட்டும் அடுத்த குட்டிக்கான தேவையைத்தான் உருவாக்குகிறது.

சென்னையும் பார்த்திருக்கிறது

இது ஏதோ தொலைதூரத்து விவகாரம் அல்ல. 1998-ல் சென்னைக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'டால்பின் சிட்டி' பூங்காவுக்கு பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டன. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். சில மாதங்களுக்குள் அவை இறந்துபோயின. பின்னாளில் கொச்சி, மும்பை என்று பல ஊர்களில் டால்பின் காட்சியகம் திறக்கும் பேச்சு வந்தபோது, எதிர்ப்பாளர்கள் முதலில் சுட்டிக்காட்டியது சென்னையைத்தான். 2013 மே மாதம் மத்திய அரசு, இந்தியாவில் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின்களை மனிதரல்லாத தனிநபர்களாகக் கருத வேண்டும் என்ற விஞ்ஞானிகளின் கருத்தும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆக, உள்ளூரில் கூடாது என்று நாம் முடிவு செய்த ஒன்றுக்குத்தான் வெளியூரில் டாலர் கொடுக்கிறோம்.

மற்ற நாடுகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. கனடா 2019-ல் திமிங்கிலம், டால்பின்களை அடைத்து வைப்பதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் ட்ரிப்அட்வைசர், அடைத்து வைத்து இனப்பெருக்கம் செய்யும் டால்பின் பூங்காக்களின் டிக்கெட்டை விற்பதில்லை என்று அறிவித்தது. 2021-ல் எக்ஸ்பீடியாவும் அந்த வழிக்கு வந்தது. மெக்சிகோவிலேயே, ஒரு விடுதிக் காட்சியின்போது குளத்தின் விளிம்பில் மோதிக் காயப்பட்ட 'மின்சோ' என்ற டால்பினின் வீடியோ செல்போன்களில் பரவி, நாடே பேசியது. 2025 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கடல் பாலூட்டிகளைக் காட்சி நிகழ்ச்சிகளில் பயன்படுத்துவதற்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றின. மக்கள் அதை மின்சோ சட்டம் என்றே அழைக்கிறார்கள். 300-க்கும் மேற்பட்ட டால்பின்கள் அடைபட்டிருக்கும் நாடு அது என்பதால் இது சின்ன மாற்றம் அல்ல.

கப்பல் பயணிகளுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடம் முன்பு போய்வந்ததை நம்பி கோசுமெல் நீச்சலுக்கு முன்பணம் கட்டிவிடக் கூடாது. எது நடக்கிறது, எது நின்றுவிட்டது, நின்றால் பணம் திரும்புமா என்பதைப் பயணத்துக்கு முன் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்படியானால் கடலிலேயே காட்டு டால்பின்களோடு நீந்தலாமே" என்று தோன்றும். அதிலும் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ், கப்பல்கள் நிற்கும் அழகான வளைகுடா. படகுகள் துரத்தித் துரத்தி, ஓய்வெடுக்கவும் குட்டிக்குப் பால் கொடுக்கவும் நேரமில்லாமல் போய், அங்கே பாட்டில் மூக்கு டால்பின்களின் எண்ணிக்கை 20 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 2019-ல் அவற்றோடு நீந்துவதையே அரசு நிறுத்திவிட்டது. ஹவாயில் 2021 முதல், கரையை ஒட்டிய கடலில் ஸ்பின்னர் டால்பின்களை 50 கஜத்துக்குள் நெருங்கவே கூடாது. அவை இரவெல்லாம் வேட்டையாடி, பகலில் கரையோரத்தில் தூங்குபவை. ராத்திரி ஷிஃப்ட் முடித்துவந்து படுத்தவரின் அறைக்குள் நாள்தோறும் இருபது பேர் எட்டிப்பார்த்தால் எப்படி இருக்கும்?

ஓரளவு மனசாட்சியோடு போகக்கூடிய இடமென்றால் பஹாமாஸின் பிமினியைச் சொல்லலாம். ஓ'பாரி கைதான அதே தீவு. அதைச் சுற்றியுள்ள ஆழமில்லாத மணல்திட்டுகளில் புள்ளி டால்பின்கள் வாழ்கின்றன. பஹாமாஸின் இந்தக் கடல்களில் 1985 முதல் டெனிஸ் ஹெர்சிங் என்ற ஆராய்ச்சியாளர் கோடைதோறும் அவற்றைக் கவனித்து வருகிறார். இப்போது சில க்ரூஸ் கப்பல்களும் பிமினியில் நிற்கின்றன. சிறு படகில் போகலாம். டால்பின் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் பார்க்கலாம், தொடக் கூடாது, தீனி போடக் கூடாது. நிச்சயமாகக் காட்டுகிறோம், தொடவும் விடுகிறோம் என்று சொல்லும் படகுக்காரரிடமிருந்து விலகி நிற்பது நல்லது. 'வராமலும் போகலாம்' என்று முதலிலேயே சொல்பவரே நம்பத் தகுந்தவர்.

பெற்றோருக்கு இருக்கும் உண்மையான கஷ்டம் விதிகளும் விலையும் அல்ல. ஆறு மாதமாக டால்பின் கனவு கண்ட எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதுதான். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். "அது தன் அம்மாகூட எவ்வளவு நாள் இருக்கும் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் போதும், மீதிக் கேள்விகளை அவர்களே கேட்பார்கள். பதில்களைக் கேட்டபிறகு, "நாம அங்க போக வேணாம்பா" என்று அவர்களே சொல்லவும் கூடும். சொல்லாமலும் போகலாம். அந்த நாளுக்கு அதே கோசுமெல்லில் பவளப்பாறை இருக்கிறது. கண்ணாடி முகமூடியைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் வைத்தால், கிளிமீனும் ஆமையும் யாருடைய சீழ்க்கைக்கும் காத்திராமல் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நீந்தத் தெரியாத பாட்டிக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு உண்டு. செலவும் குறைவு, தாலியைக் கழற்றும் பிரச்னையும் இல்லை.

எல்லாம் தெரிந்த பிறகும் டால்பின் நீச்சலுக்கே போவதென்று முடிவு செய்யும் குடும்பங்கள் இருக்கும். அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிச் சில விஷயங்களைக் கேட்கலாம். இவை கடலில் பிடித்தவையா, இங்கே பிறந்தவையா? இருப்பது கடல் நீர் ஓடும் வலைத்தடுப்பா, சிமென்ட் தொட்டியா? ஒரு டால்பின் ஒரு நாளைக்கு எத்தனை குழுக்களைச் சந்திக்கிறது? விருப்பமில்லாதபோது அது ஒதுங்கிப்போக மனிதர் நுழையாத இடம் இருக்கிறதா? ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் கோபம் வரவழைக்காது. பதிலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் வந்தால், அதுவும் ஒரு பதில்தான். தண்ணீரில் இறங்கிய பிறகு, கைகளைப் பயிற்சியாளர் சொல்லும் இடத்தில் மட்டும் வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். மூச்சுத்துளை தலையின் மேல் இருக்கிறது. அங்கேயும் கண்ணிலும் விரல் படக் கூடாது. எவ்வளவு பழகினாலும் அது இருநூறு கிலோ எடைகூட இருக்கும், வாய் நிறையப் பல் உள்ள விலங்கு. அது கடிப்பதும் இடிப்பதும் நடந்திருக்கின்றன.

டிக்கெட்டே இல்லாமல் டால்பின் பார்க்க ஒரு வாய்ப்பும் கப்பலிலேயே இருக்கிறது. பஃபேயில் பூரியைத் தேடி எல்லோரும் வரிசையில் நிற்கும் காலை வேளையில், கப்பல் துறைமுகத்தை நெருங்கி வேகத்தைக் குறைக்கும்போது, முன்பக்கத் திறந்த தளத்துக்குப் போய் நிற்கலாம். கப்பலின் மூக்கு தண்ணீரைத் தள்ளும் இடத்தில் எழும் அலையில் சறுக்கி விளையாடுவது டால்பின்களின் பழக்கம். எல்லா நாளும் வராது. வரும் நாளில் முதலில் தெரிவது நீருக்கு மேல் ஒரு சாம்பல் நிறத் துடுப்பு, பிறகு பக்கத்தில் இன்னொன்று. அவற்றோடு ஒரு குட்டியும் இருந்தால், அது பெரும்பாலும் அம்மாவின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே நீந்தும்.